மாலை 7.40-க்கு வரும் பள்ளம்: அயனி மண்டலமா, மொட்டைமாடியா?

12 மார்ச் 2025, இரவு 10.20 · கூரைமேல்

இடம் பாளையங்கோட்டை. செயற்கைக்கோள் சிக்னலைப் பிடிக்கும் ரிசீவர் யூ-பிளாக்ஸ் இசட்இடி-எஃப்9பி. மாடியில் இரட்டை அலைவரிசை ஆன்டெனா, நொடிக்கு ஒரு முறை மூலத் தரவு. ஜிபிஎஸ் 24 என்ற செயற்கைக்கோளின் சிக்னல் வலு 47 டெசிபெல்-ஹெர்ட்ஸிலிருந்து 38 வரை விழுந்து எழுகிறது. ஆறு நிமிடம் அலைக்கழிந்துவிட்டு அடங்குகிறது. 10-ஆம் தேதி 7.48, 11-ஆம் தேதி 7.44, இன்று 7.40. மூன்று நாளும் ஏறக்குறைய ஒரே நேரம், சூரியன் மறைந்து ஒன்றேகால் மணி நேரத்துக்குள். மார்ச் மாதம், காந்த நடுக்கோட்டை ஒட்டிய ஊர், சூரியச் செயல்பாடும் உச்சத்தில். இது பிளாஸ்மா குமிழிதான், அதாவது அயனி மண்டலத்தில் எலக்ட்ரான் குறைந்த பகுதி மேலெழுவதுதான் என்கிறேன். மறுப்பு இருந்தால் சொல்லுங்கள்.

12 மார்ச், இரவு 11.05 · தெற்குவானம்

மறுப்பு நீங்கள் எழுதிய நேரங்களிலேயே இருக்கிறது. 7.48, 7.44, 7.40. நாளுக்கு நான்கு நிமிடம் முன்னால் வருகிறது. அயனி மண்டலத்துக்கு அப்படி ஒரு கணக்கு கிடையாது. ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களுக்கு உண்டு. ஒரு நாளில் பூமியை இரண்டு முறை சுற்றிவிட்டு, 24 மணி நேரத்துக்குச் சுமார் 4 நிமிடம் 6 நொடி முன்பாகவே வானத்தில் அதே இடத்துக்கு வந்துவிடும். அதே இடம் என்றால், உங்கள் மாடிச் சுவரிலும் தண்ணீர்த் தொட்டியிலும் பட்டுத் திரும்பும் அலையும் அதே பாதையில்தான் வரும். நேரடி அலையும் திரும்பி வந்த அலையும் கூடியும் கழிந்தும் வலுவை ஆட்டுகின்றன. மல்டிபாத்.

சோதித்துப் பாருங்கள். 22-ஆம் தேதி அந்தப் பள்ளம் 6.59-க்கு வரும். ஏப்ரல் தொடக்கத்தில் வெயில் இருக்கும்போதே வரும். குமிழி பகலில் வராது.

13 மார்ச், காலை 6.50 · எண்கணக்கு

தெற்குவானம் சொன்னது ஜிபிஎஸ்ஸுக்கு மட்டுமே பொருந்தும். மற்ற அமைப்புகளுக்கு அதையே போட்டால் தவறான முடிவுதான் வரும். நட்சத்திர நாள் (23 மணி 56 நிமிடம்) கணக்கில் ஐரோப்பாவின் கலிலியோ 10 நாளில் 17 சுற்று, ரஷ்யாவின் குளோனாஸ் 8 நாளில் 17 சுற்று, சீனாவின் பெய்டோவின் நடு உயரச் செயற்கைக்கோள்கள் 7 நாளில் 13 சுற்று. கலிலியோவில் ஒரு பள்ளம் மறுநாள் வரவில்லை என்பதை வைத்து "மல்டிபாத் இல்லை" என்று யாரும் எழுதிவிடக் கூடாது. பத்தாவது நாள், சுமார் 39 நிமிடம் முன்னால், அந்த நேரத்தைத்தான் பார்க்க வேண்டும்.

13 மார்ச், காலை 7.15 · தெற்குவானம்

சரி. "ஜிபிஎஸ் என்றால்" என்று சேர்த்துப் படிக்கவும்.

13 மார்ச், இரவு 9.30 · கூரைமேல்

இன்று 7.36. ஒப்புக்கொள்கிறேன். தென்மேற்கில் 28° உயரக் கோணத்தில் வரும்போது நடக்கிறது. அந்தத் திசையில் தொட்டிதான் இருக்கிறது. ஆனால் தொட்டி பிளாஸ்டிக்.

13 மார்ச், இரவு 9.48 · எண்கணக்கு

உள்ளே இருப்பது தண்ணீர். இந்த அலைவரிசையில் தண்ணீர் நன்றாகவே எதிரொலிக்கும். தொட்டி நிறைந்திருக்கும் நாளும் பாதியாக இருக்கும் நாளும் பள்ளத்தின் ஆழம் மாறும், அதையும் குறித்து வையுங்கள்.

14 மார்ச், மாலை 5.10 · தெற்குவானம்

அலைவதை அளக்கிறோம் என்றால் எதை அளக்கிறோம் என்பதைத் தெளிவாக வைத்துக்கொள்வது நல்லது. இரண்டு அளவுகள், இரண்டும் வெவ்வேறு.

முதலாவது டிஇசி, மொத்த எலக்ட்ரான் எண்ணிக்கை. செயற்கைக்கோளிலிருந்து ஆன்டெனா வரை ஒரு சதுர மீட்டர் குறுக்குப் பரப்புள்ள குழாய் போட்டால் அதற்குள் எத்தனை எலக்ட்ரான். ஓர் அலகு என்பது 10-இன் 16-ஆம் அடுக்கு. தாமதம் அலைவரிசையின் வர்க்கத்துக்கு எதிர்விகிதம், மாறிலி 40.3. ஓர் அலகு டிஇசி எல்1-இல், அதாவது 1575.42 மெகாஹெர்ட்ஸில், 16.2 செ.மீ. தாமதம் தரும். எல்2-இல், 1227.60 மெகாஹெர்ட்ஸில், 26.7 செ.மீ. வித்தியாசம் 10.5 செ.மீ. ஆக, இரண்டு கேரியர் (தகவலைச் சுமந்து வரும் அலை) அளவுகளையும் மீட்டராக்கி, எல்1-லிருந்து எல்2-ஐக் கழித்து 9.52-ஆல் பெருக்கினால் டிஇசி. தூரம், ரிசீவர் கடிகாரம், செயற்கைக்கோள் கடிகாரம், காற்று மண்டலத் தாமதம் எல்லாம் கழிந்து போய்விடும். மலிவான படிகம் உள்ள ரிசீவரிலும் இது உருப்படியாக வருவதற்குக் காரணம் அதுதான்.

இரண்டாவது சிமிட்டல். நட்சத்திரம் மினுக்குவது போல ரேடியோ அலையும் மினுக்கும். எஸ்4 என்பது ஒரு நிமிடத்துக்குள் சிக்னல் திறனின் திட்ட விலக்கத்தைச் சராசரியால் வகுத்த எண். 0.3-க்குக் கீழே இருந்தால் பேசாமல் விடலாம். 0.6-ஐத் தாண்டினால் பலம்.

எஸ்4 கணக்கிடும்போது பெரும்பாலோர் செய்யும் பிழை: டெசிபெல் எண்களையே எடுத்துத் திட்ட விலக்கம் போடுவது. முதலில் பத்தால் வகுத்து 10-இன் அடுக்காக்கித் திறனாக மாற்றுங்கள், பிறகு சராசரி எடுங்கள்.

14 மார்ச், மாலை 6.02 · எண்கணக்கு

9.52-ஐ எல்லாவற்றுக்கும் போடாதீர்கள். எஃப்9பி-யின் வழக்கமான வகை கலிலியோவில் இ1-உம் இ5பி-யும் பிடிக்கிறது. இ5பி 1207.14 மெகாஹெர்ட்ஸ், அதற்குப் பெருக்கெண் 8.76. பெய்டோ பி1ஐ 1561.098, பி2ஐ 1207.14, அந்த ஜோடிக்கு 8.99. எல்1-எல்5 பிடிக்கும் வகை என்றால் 7.76. குளோனாஸில் ஒவ்வொரு செயற்கைக்கோளுக்கும் அலைவரிசை வேறு, தனித்தனியாகப் போட வேண்டும்.

குறியும் கவனம். கேரியரில் எல்1 கழித்தல் எல்2. கோடு (code, சிக்னலில் ஏற்றிய குறியீடு) அளவில் தலைகீழ், எல்2 கழித்தல் எல்1. அயனி மண்டலம் குறியீட்டைத் தாமதப்படுத்தும், கேரியரை முன்தள்ளும். இதை மாற்றிப் போட்டால் மதியம் டிஇசி குறைந்து நள்ளிரவில் கூடுவதாக வரும்.

14 மார்ச், இரவு 8.20 · சோழமண்டலம்

சென்னையிலிருந்து. நிரல் எழுதிவிட்டேன். டிஇசி மைனஸ் 60-இல் தொடங்கி மைனஸ் 20 வரை போகிறது. மைனஸ் எப்படி வரும்?

14 மார்ச், இரவு 8.41 · தெற்குவானம்

வரும். கேரியரில் முழுச் சுற்றுகளின் எண்ணிக்கை தெரியாது, அதனால் தொடக்கப் புள்ளி எங்கு வேண்டுமானாலும் இருக்கும். உண்மையான அளவு வேண்டுமென்றால் கோடு அளவோடு சமன் செய்து, செயற்கைக்கோளின் வன்பொருள் சாய்வையும் (கருவிக்குள் இரண்டு அலைவரிசைக்கும் ஏற்படும் தாமத வித்தியாசம்) ரிசீவரின் சாய்வையும் கழிக்க வேண்டும். ஒரு நானோநொடிச் சாய்வு என்பது 2.85 அலகு. செயற்கைக்கோள் சாய்வை சுவிட்சர்லாந்தின் பெர்ன் மையம் போன்றவை வெளியிடுகின்றன. ரிசீவர் சாய்வை நீங்களே கண்டுபிடிக்க வேண்டும். மாடியில் வெயில் ஏற ஏற அதுவும் நகரும்.

தொந்தரவைத் தேடுகிறவருக்கு இதெல்லாம் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. மாற்றத்தை மட்டும் பாருங்கள். கேரியர் அளவின் இரைச்சல் சில மில்லிமீட்டர்தான், 0.03 அலகு அளவுக்கு மாற்றத்தைக் காட்டும். கோடு அளவு பல அலகு ஆடும். தெளிவான கருவியை மங்கலான கருவியால் திருத்தப் போவதில் பொருள் இல்லை.

15 மார்ச், இரவு 10.55 · கூரைமேல்

இன்றைக்கு வேறு ஒன்று. கலிலியோ 11, வடகிழக்கில் 52° உயரக் கோணம். 8.12-க்கு ரோட்டி, அதாவது டிஇசி மாறும் வேகத்தின் ஆட்ட அளவு, 0.05-லிருந்து 1.3-க்கு ஏறியது. 8.31-க்குத் தணிந்தது. இதுவும் தொட்டியா?

(ரோட்டி கணக்கு: 30 நொடிக்கு ஒரு டிஇசி, அடுத்தடுத்த வித்தியாசத்தை நிமிட வீதமாக்கி, 5 நிமிடத்துக்குத் திட்ட விலக்கம்.)

15 மார்ச், இரவு 11.20 · தெற்குவானம்

சைக்கிள் ஸ்லிப் என்று நினைக்கிறேன். ரிசீவர் அலையைப் பின்தொடரும்போது ஒரு சுற்று தவறிவிட்டால் டிஇசி-யில் படிக்கட்டு விழும். ஒற்றைச் சுற்று ஸ்லிப்பே ரோட்டியை 1-க்கு மேல் தூக்கிவிடும்.

16 மார்ச், காலை 6.30 · எண்கணக்கு

அதற்கு எண்ணோடு ஒரு சோதனை உண்டு. ஜிபிஎஸ்ஸை எடுத்துக்கொள்வோம். எல்1-இன் அலைநீளம் 19.03 செ.மீ. அதில் ஒரு சுற்று தவறினால் 1.81 அலகு படி. எல்2, 24.42 செ.மீ., தவறினால் 2.32. இரண்டிலும் ஒவ்வொன்று சேர்ந்து தவறினால் 0.51 மட்டும். 30 நொடி இடைவெளியில் 1.81 என்பது நிமிடத்துக்கு 3.6, பத்துப் புள்ளிகளில் ஒன்று மட்டும் 3.6, மற்றவை பூஜ்யம் என்றால் திட்ட விலக்கம் 1.1 வரும்.

இப்போது வரைபடத்தின் வடிவத்தைப் பாருங்கள். ஒற்றை ஸ்லிப் நகரும் சாளரத்துக்குள் நுழைந்ததும் ரோட்டி செங்குத்தாக ஏறும், சரியாக 5 நிமிடம் மேசை மாதிரி தட்டையாக நிற்கும், செங்குத்தாக இறங்கும். உண்மையான குலைவு அப்படி இருக்காது. கரடுமுரடாக ஏறி இறங்கும்.

இன்னொன்று, இது பலருக்குத் தெரிவதில்லை. எல்1-இல் 9 சுற்றும் எல்2-இல் 7 சுற்றும் ஒரே நேரத்தில் தவறினால் டிஇசி-யில் வெறும் 3 மி.மீ. படிதான் விழும். கழித்தல் முறையில் அது கண்ணுக்கே தெரியாது. அதைப் பிடிக்க மெல்போர்ன்-வூபெனா கணக்கையும் (கேரியர், கோடு அளவுகள் இரண்டையும் சேர்த்துப் போடுவது) பக்கத்தில் ஓடவிட வேண்டும்; அதில் 86 செ.மீ. அலைநீளத்தில் இரண்டு சுற்றாகத் துள்ளித் தெரியும்.

கூரைமேல், மூலத் தரவுச் செய்தியில் ஒவ்வொரு சிக்னலுக்கும் பூட்டு நேரம், அதாவது அலையை விடாமல் பின்தொடர்ந்த நேரம், வரும். மில்லிநொடியில் ஏறிக்கொண்டே போய் 64500-இல் நிற்கும். ஸ்லிப் என்றால் அது சட்டென்று பூஜ்யத்துக்கு வந்திருக்கும். அரைச் சுற்றுக் கொடியையும் (அரைச் சுற்று ஐயம் தீர்ந்ததா என்று காட்டும் குறி) பாருங்கள். அது தீராமல் இருந்தால் எல்1-இல் அரைச் சுற்று, 0.9 அலகுப் பொய்ப் படி விழலாம்.

16 மார்ச், மாலை 7.05 · கூரைமேல்

8.05-லிருந்து 8.35 வரை இரண்டு சிக்னலிலும் பூட்டு நேரம் 64500-லிருந்து அசையவில்லை. அரைச் சுற்றுக் கொடி தீர்ந்தே இருக்கிறது. ரோட்டி 0.6, 1.1, 1.3, 0.8, 1.2, 0.4 என்று ஆடுகிறது. எஸ்4: இ1-இல் 0.34, இ5பி-யில் 0.50. ஒப்பிடுவதற்காக அந்தத் தொட்டிப் பள்ளத்தையும் போட்டேன்: எல்1-இல் 0.41, எல்2-இல் 0.22.

16 மார்ச், இரவு 8.15 · தெற்குவானம்

ஸ்லிப் என்று நான் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். பூட்டு அறுபடாமல் அலைந்திருக்கிறது.

எஸ்4 விகிதம்தான் இதில் அருமையான சாட்சி. மிதமான சிமிட்டலில் எஸ்4 அலைவரிசையின் 1.5 அடுக்குக்கு எதிர்விகிதத்தில் ஏறும். இ1-க்கும் இ5பி-க்கும் எதிர்பார்ப்பது 1.49. உங்களுக்கு வந்தது 1.47. தாழ்ந்த அலைவரிசைதான் அதிகம் ஆட வேண்டும், ஆடியிருக்கிறது. தொட்டியில் பாருங்கள், எல்2 குறைவாக ஆடுகிறது. அங்கே இயற்பியல் வேறு, பாதை நீளமும் அலைநீளமும் எப்படிப் பொருந்துகின்றன என்பதுதான் கணக்கு.

எச்சரிக்கை: பலத்த சிமிட்டலில் இந்த விகிதம் கெட்டுவிடும். எஸ்4 1-ஐ நெருங்கியதும் இரண்டு அலைவரிசையும் அங்கேயே தேங்கிவிடும், விகிதமும் 1-க்குப் பக்கத்தில் வரும். அதை வைத்து "மல்டிபாத்" என்று தள்ளிவிடக் கூடாது.

இன்னும் ஒரு கட்டம் பாக்கி. எண்கணக்கு சொன்னபடி கலிலியோவுக்குப் பத்து நாள். 25-ஆம் தேதி மாலை 7.33-லிருந்து பாருங்கள். அன்றைக்கும் குமிழி வந்து குழப்பலாம். வந்தால் அடுத்த பத்து நாள்.

17 மார்ச், காலை 9.10 · முத்துநகர்

தூத்துக்குடியில் அதே எஃப்9பி வைத்திருக்கிறேன். 15-ஆம் தேதி தரவு வட்டில் இருக்கிறது. எடுத்துப் பார்க்கிறேன்.

குமிழி மேற்கிலிருந்து கிழக்கே நகரும் என்பதால் முதலில் மேற்கு வானத்தில் உள்ள செயற்கைக்கோள்கள் சிமிட்ட வேண்டும், பிறகு கிழக்கு. ஒரே இடத்திலேயே இதைச் சோதிக்கலாமே?

17 மார்ச், காலை 10.25 · எண்கணக்கு

பாதி சரி. உருவான குமிழி கிழக்கே நகரும், நொடிக்கு ஏறத்தாழ 100 மீட்டர். ஆனால் குமிழிகள் உருவாவதே சூரியன் மறையும் கோட்டைப் பின்தொடர்ந்து. அந்தக் கோடு இந்த அட்சரேகையில் நொடிக்கு 460 மீட்டர் வேகத்தில் மேற்கே ஓடுகிறது. ஆக, கிழக்கு வானத்தில் இருள் முதலில் வருகிறது, அங்கே சிமிட்டலும் முதலில் தொடங்கலாம். தொடக்க நேர வரிசையை வைத்து நகர்வுத் திசை சொல்ல முடியாது. ஒரே செயற்கைக்கோளை இரண்டு ஊரிலிருந்து பார்த்து, ஒரே குலைவின் வடிவம் எத்தனை நிமிடம் கழித்து வருகிறது என்று ஒப்பிட வேண்டும்.

17 மார்ச், இரவு 9.00 · சோழமண்டலம்

போபால், கொல்கத்தா பக்கமெல்லாம் சிமிட்டல் இதைவிடப் பலம் என்கிறார்கள். குமிழி பிறப்பது நம் தலைக்கு மேல் என்றால் அடி ஏன் அங்கே விழுகிறது?

17 மார்ச், இரவு 10.10 · தெற்குவானம்

நல்ல கேள்வி. சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

காந்த நடுக்கோடு தமிழகத்தின் தென்முனைக்கு அருகே போகிறது. 1963 நவம்பர் 21-இல் முதல் ராக்கெட்டை ஏவ தும்பாவைத் தேர்ந்தெடுத்ததும், இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனம் திருநெல்வேலியில் ஆய்வகம் வைத்திருப்பதும் இதனால்தான். அந்தக் கோட்டின் மேல் காந்தப்புலம் தரைக்கு இணையாகப் படுத்திருக்கிறது. பகலில் கிழக்கு நோக்கிய மின்புலம் பிளாஸ்மாவை மேலே தூக்குகிறது. தூக்கிய பிளாஸ்மா காந்தக் கோடுகளின் வழியே இரண்டு பக்கமும் சரிந்து, காந்த அட்சரேகை 15° வாக்கில் போய்க் குவிகிறது. நீரூற்று மாதிரி. நடுவில் நாம் பள்ளத்தில் நிற்கிறோம், வடக்கு மேடு அகமதாபாத், போபால், கொல்கத்தா பக்கம்.

சூரியன் மறைந்ததும் அந்த மின்புலம் தணிவதற்கு முன் ஒரு முறை ஓங்குகிறது. பிளாஸ்மா அடுக்கு இன்னும் உயர எழும்புகிறது. கீழ்ப்பகுதியோ வெளிச்சம் போனதும் வேகமாகக் கரைகிறது. கனமானது மேலே, லேசானது கீழே. எண்ணெயின் மேல் தண்ணீரை வைத்தாற்போல் நிலைகொள்ளாமல், கீழிருந்து லேசான பகுதி குமிழியாகக் கிளம்பி மேலேறுகிறது. ரேலி-டெய்லர் நிலையின்மை என்பது இதுதான். நம் தீர்க்கரேகையில் சூரியன் மறையும் கோடும் காந்தக் கோடும் இணையாக வருவது மார்ச், செப்டம்பரை ஒட்டி. அப்போது வடக்கு, தெற்கு இரண்டு முனையும் ஒரே நேரத்தில் இருட்டுவதால் ஓங்கல் வலுவாக இருக்கும்.

குமிழி உருண்டை இல்லை. காந்தக் கோட்டின் நீளத்துக்கு வடக்கு தெற்காகக் கிடக்கும் ஆப்பு. நடுக்கோட்டின் மேல் அது 800 கி.மீ. உயரம் தாண்டினால்தான் அதன் வடக்கு முனை போபால் வானத்தைத் தொடும். தொட்டுவிட்டால் அங்கே அடர்த்தியான மேட்டைக் கிழிக்கிறது. எல்-பட்டைச் சிமிட்டலின் பலம் விகிதத்தைவிட, எத்தனை எலக்ட்ரான் கூடிக் குறைகிறது என்பதைப் பொறுத்தது. அதனால் அங்கே எஸ்4 1-ஐத் தொடும் இரவில்கூட இங்கே மிதமாகவே இருக்கும். கூரைமேலின் 0.34 இந்த இடத்துக்குப் பொருத்தமான எண்.

ஜிபிஎஸ் பிழையைத் திருத்தி விமானங்களுக்குத் தரும் இந்தியாவின் ககன் அமைப்பு இந்த வானத்தில் வேலை செய்ய வேண்டியிருந்தது. அயனி மண்டலத்தை ஒரே மெல்லிய அடுக்காக வைத்துப் போடும், மற்ற நாடுகளில் போதுமான கணக்கு மாதிரி, மேடும் பள்ளமும் இவ்வளவு அருகருகே இருக்கும் இடத்தில் தடுமாறும். பல அடுக்கு மாதிரியை உருவாக்கி, 2015 ஏப்ரல் 21-இல்தான் விமானத் தரையிறக்க அணுகுமுறைக்கான சான்று கிடைத்தது. அந்த உழைப்பைப் பற்றி நம் ஊரில் பேசுவது குறைவு என்பது என் ஆதங்கம்.

18 மார்ச், காலை 7.00 · தெற்குவானம்

நேற்று எழுதியதோடு ஒன்று சேர்க்க வேண்டும். "தலைக்கு மேல்" என்று நாம் சொல்வது தளர்வான பேச்சு. கதிர் அயனி மண்டலத்தைத் துளைக்கும் இடம் வேறு. 350 கி.மீ. உயரத்தில் அடுக்கை வைத்தால், 30° உயரக் கோணத்தில் தெரியும் செயற்கைக்கோளின் துளை இடம் 540 கி.மீ. தள்ளி இருக்கும். பாளையங்கோட்டையிலிருந்து வடக்கே 30°-இல் பார்க்கிறீர்கள் என்றால், பார்ப்பது ஏறக்குறைய சென்னையின் அட்சரேகையை. வரைபடத்தில் ஊரின் புள்ளியைப் போடாதீர்கள், துளை இடத்தைப் போடுங்கள்.

சாய்வுக் கதிரில் பாதையும் நீளம்: 30°-இல் 1.75 மடங்கு, 20°-இல் 2.2 மடங்கு. 30°-க்குக் கீழே உள்ளதை நான் எடுப்பதில்லை. மல்டிபாத்தும் அங்கேதான் குடியிருக்கிறது.

19 மார்ச், இரவு 8.30 · கூரைமேல்

மூலத் தரவை நொடிக்குப் பத்து முறை என்று மாற்றினேன். செய்திகள் விட்டுவிட்டு வருகின்றன.

19 மார்ச், இரவு 8.52 · எண்கணக்கு

இணைப்பின் வேகம் போதவில்லை. ஒரு மூலத் தரவுச் செய்தியின் நீளம்: தலைப்பும் வாலும் 8 பைட், நிலையான பகுதி 16, ஒவ்வொரு அளவுக்கும் 32. 30 செயற்கைக்கோள், தலைக்கு 2 சிக்னல், 60 அளவு. மொத்தம் 1944 பைட். நொடிக்குப் பத்து என்றால் 19,440 பைட், தொடர் இணைப்பில் 1,94,400 பாட். 1,15,200 தாங்காது. 4,60,800 வையுங்கள். நாளுக்கு 1.68 ஜிபி ஆகும். மாலை 6.30 முதல் நள்ளிரவு 1 மணி வரை மட்டும் பத்து, மற்ற நேரம் ஒன்று என்று வைத்தால் போதும்.

இந்த ரிசீவர் சிக்னல் வலுவை முழு டெசிபெல்லாகத்தான் தருகிறது. அந்த முழுமைப்படுத்தலே எஸ்4-இல் 0.07 வரை பொய்த் தரையைப் போட்டுவிடும். 0.1-க்குக் கீழே எதையும் நம்பாதீர்கள். கேரியர் நடுக்க அளவான சிக்மா-பையை இதில் முயலவே வேண்டாம். படிகத்தின் ஆட்டமே அதை மூழ்கடித்துவிடும்.

20 மார்ச், காலை 6.15 · தெற்குவானம்

ரோட்டியும் எஸ்4-உம் ஒன்றையொன்று ஆமோதிக்க வேண்டும் என்று கூரைமேல் எதிர்பார்ப்பது போலத் தெரிகிறது. கட்டாயமில்லை. எஸ்4-ஐ ஆட்டுவது ஏறத்தாழ 400 மீட்டர் அளவுள்ள கட்டமைப்புகள். 30 நொடி இடைவெளி ரோட்டி பார்ப்பது சில கிலோமீட்டர் அளவானவற்றை. நள்ளிரவுக்குப் பிறகு குமிழி கிழடாகும்போது சிறிய கட்டமைப்புகள் முதலில் அழிந்துவிடும், பெரியவை கிடக்கும். ரோட்டி 0.8, எஸ்4 0.1 என்று வந்தால் பழைய குமிழி கடந்து போகிறது என்று படிக்கலாம்.

22 மார்ச், இரவு 7.20 · கூரைமேல்

ஜிபிஎஸ் 24. பள்ளம் 6.59-க்கு வந்தது.

25 மார்ச், இரவு 9.05 · கூரைமேல்

கலிலியோ 11. மாலை 7.20 முதல் 8.00 வரை ரோட்டி 0.06-ஐத் தாண்டவில்லை. எஸ்4 0.08. அதே திசை, அதே உயரக் கோணம்.

25 மார்ச், இரவு 9.30 · தெற்குவானம்

அப்படியென்றால் 15-ஆம் தேதி பார்த்தது அயனி மண்டலம். தொட்டி இல்லை.

28 மார்ச், இரவு 9.40 · சோழமண்டலம்

மியான்மரில் இன்று நடந்த நிலநடுக்கம் இந்த முறையில் நம் ரிசீவர்களில் தெரியுமா? 2011-இல் ஜப்பானில் தெரிந்ததே.

28 மார்ச், இரவு 10.35 · எண்கணக்கு

நம் ரிசீவர்களில் நேரடியாக எதிர்பார்க்க முடியாது. 15° உயரக் கோணம் வரை இறங்கினாலும் துளை இடம் 970 கி.மீ.தான் தள்ளிப் போகும். மாண்டலே பாளையங்கோட்டையிலிருந்து ஏறக்குறைய 2,450 கி.மீ. இதோடு, இது சகாயிங் பிளவில் தரை பக்கவாட்டில் நழுவிய நடுக்கம். அயனி மண்டலத்தை அசைப்பது தரையோ கடலோ மேலும் கீழும் எழுந்து விழுவது. அந்த அசைவு ஒலி அலையாக மேலே போய் 300 கி.மீ. உயரத்தை அடைய 8 முதல் 10 நிமிடம் ஆகும், மேலே போகப் போகக் காற்று மெலிவதால் வீச்சு பெருகும். 2011 மார்ச் 11-இல் கடலடி பெரிய பரப்பில் செங்குத்தாக எழுந்தது, ஜப்பானில் தரையில் சுமார் 1,200 நிலையங்கள் இருந்தன. அதனால்தான் வட்ட வட்டமாக அலை பரவுவது படமாகவே தெரிந்தது.

மியான்மர் மக்களுக்காக மனம் கனக்கிறது.

29 மார்ச், காலை 6.40 · தெற்குவானம்

2004 டிசம்பர் 26-ஐ நினைக்காமல் இருக்க முடியவில்லை. நடுக்கம் நம் நேரப்படி காலை 6.28.53. அலை நம் கரைக்கு வந்தது இரண்டு மணி நேரத்துக்கும் மேல் கழித்து. தாய்லாந்து, இந்தோனேசிய ஜிபிஎஸ் நிலையங்களின் பதிவில் டிஇசி அலைவு இருந்தது, பின்னாளில் ஆய்வாளர்கள் எடுத்துக் காட்டினார்கள். பதிவு இருந்தது, அதை அந்த நேரத்திலேயே படிக்கும் ஏற்பாடு இல்லை. ரோம் சப்பியென்சா பல்கலைக்கழகமும் நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகமும் சேர்ந்து உருவாக்கிய வேரியான் முறை, அடுத்தடுத்த நொடிகளின் கேரியர் வித்தியாசத்தை மட்டும் வைத்து உடனுக்குடன் டிஇசி மாற்றத்தைத் தருகிறது. 2012-இல் கனடாவின் ஹைடா குவாய் நடுக்கத்தால் எழுந்த சுனாமியை ஹவாய் நிலையங்களின் பழைய தரவில் ஓட்டிக் காட்டினார்கள்.

ஆனால் நிலநடுக்கத்துக்கு 40 நிமிடம் முன்பே டிஇசி கூடியது என்ற கூற்றை இங்கே யாரும் கொண்டுவர வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். 2011-ஐ வைத்து ஹொக்கைடோ பல்கலைக்கழகத்தின் ஹெகி அதை முன்வைத்தார். அடிப்படைக் கோட்டை எங்கே வரைவது என்பதில்தான் சிக்கல்: நடுக்கத்துக்குப் பின் டிஇசி இறங்கிவிட்டால், அதையும் சேர்த்து வளைகோடு பொருத்தும்போது முன்பகுதி உயர்ந்தது போலத் தெரியும் என்று மறுப்பு வந்தது. பின்பகுதித் தரவைத் தொடாமல் கோடு வரைந்தால் என்ன மிச்சம் என்பதை நீங்களே செய்து பாருங்கள்.

29 மார்ச், பகல் 11.15 · எண்கணக்கு

அந்தப் பிழை நமக்கும் வரும். ஒரு மணி நேர நகரும் சராசரியைக் கழித்து 15 முதல் 60 நிமிட அலைகளைத் தேடும்போது, செயற்கைக்கோள் எழும் முதல் அரை மணியிலும் மறையும் கடைசி அரை மணியிலும் சாளரம் பாதி வெறுமையாக இருக்கும். அங்கே இல்லாத அலை முளைக்கும். இரண்டு முனையிலும் அரை மணி நேரத்தை வெட்டி எறிந்துவிடுங்கள்.

2 ஏப்ரல், இரவு 9.15 · முத்துநகர்

15-ஆம் தேதி தரவு. கலிலியோ 11, தூத்துக்குடி. ரோட்டி ஏறியது 8.19. டிஇசி-யின் இரட்டைப் பள்ளம் இரண்டு ஊரிலும் ஒரே வடிவம், முதல் பள்ளத்தைவிட இரண்டாவது ஆழம். வடிவங்களை ஒன்றன்மேல் ஒன்று நகர்த்திப் பொருத்தினால் 7 நிமிடம்.

2 ஏப்ரல், இரவு 9.50 · எண்கணக்கு

ஒரே செயற்கைக்கோள் என்பதால் துளை இடங்களின் இடைவெளியும் ஆன்டெனாக்களின் இடைவெளியும் ஏறக்குறைய ஒன்றே. கிழக்கு மேற்காக 44 கி.மீ. 420 நொடி. நொடிக்கு 105 மீட்டர், கிழக்கே. துளை இடமும் அந்த நேரத்தில் நகர்ந்துகொண்டிருந்தது. அதன் கிழக்கு மேற்கு வேகத்தைக் கூட்டவோ கழிக்கவோ வேண்டும். திசைக்கோணமும் உயரக் கோணமும் 8.10-க்கும் 8.20-க்கும் அனுப்புங்கள், போட்டுத் தருகிறேன்.

2 ஏப்ரல், இரவு 10.02 · கூரைமேல்

அனுப்பிவிட்டேன். இன்று மாலை தொட்டியிலிருந்து நான்கு மீட்டர் தள்ளி, படிக்கட்டுக் கூரையின் மேல் ஆன்டெனாவை மாற்றினேன். அடியில் 30 செ.மீ. அலுமினியத் தட்டு. ஜிபிஎஸ் 24 நாளை 6.10-க்கு அந்த இடத்தைக் கடக்கும்.

3 ஏப்ரல், மாலை 6.40 · கூரைமேல்

வலு 46-க்கும் 47-க்கும் நடுவில். பள்ளம் இல்லை.